முதல் தடவை அவர்கள் வரட்டும், அடுத்த தடவை டாக்டர் போகட்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைக்காக இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் அதை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர்கள் ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்க முதல் தடவை சென்னைக்கு வரட்டும். ஸ்கேன், ஆஞ்சியோ, ஆபரேஷன் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு மாதா மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று சீட்டில் எழுதித் தருகிறீர்களே ‘ரிவ்யூ’, அதற்காக அவர்களை இனி ரயிலேற்றாதீர்கள். அதற்கு டாக்டர் பொன்னேரிக்குப் போகட்டும்.

நான் தண்டையார்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர். பிறந்து வளர்ந்தது இங்கே, வாழ்க்கைப்பட்டது பழவேற்காட்டுப் பக்கம். அதனால் சீட்டு எழுதப்படும் இடமும் தெரியும், அந்தச் சீட்டு போய்ச் சேரும் வீடும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது துறைக்கு வரும் அறிக்கைகளில் இருக்காது என்று நினைக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் வரைபடம். காகிதத்தில் பொன்னேரி வட்டமும் கும்மிடிப்பூண்டி வட்டமும் திருவள்ளூர் மாவட்டம். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருப்பது திருவள்ளூரில். சரிதான், ஆனால் பொன்னேரியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் போக வேண்டுமானால் சென்னைக்கு வந்து அரக்கோணம் மார்க்கத்துக்கு மாற வேண்டும். சென்னை வரை வந்த ஆள் எதற்கு இன்னொரு ரயில் மாறப் போகிறார்? வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ இறங்கிவிடுவார். பஞ்சாயத்துத் தலைவர் முதல் பக்கத்து வீட்டு ஆயா வரை அந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் வடசென்னைதான். 1782 பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்து, இன்றைக்கும் கிழவர்கள் வாயில் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’யாக இருக்கும் ஸ்டான்லிக்கும் அந்த ஊர்களுக்கும் உள்ள உறவு மாவட்ட எல்லைக் கோட்டை விடப் பழையது. நோயாளி ரயில் பாதையைப் பார்த்துத்தான் போவார். உங்கள் துறையின் பரிந்துரை முறை மாவட்டத்தைப் பார்த்துப் போகிறது.

எல்லைக் கோட்டுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2011இல் கத்திவாக்கம், மணலி, திருவொற்றியூர் மூன்றும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. எண்ணூரில் இருக்கும் 65 வயதுப் பெரியவர் மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கனில் போகலாம். அடுத்தாற்போல நந்தியம்பாக்கத்தில் இருக்கும் அவர் அண்ணனுக்கு அது கிடையாது, அவர் சென்னைவாசி இல்லை. இருவருக்கும் ஒரே இதய டாக்டர்.

இப்போது அந்த ரிவ்யூ நாளைப் பற்றி. ‘சிரமம்’, ‘அலைச்சல்’ என்ற இரண்டு வார்த்தையில் இதை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். அலைச்சலோடு போகட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பயணம் வைத்தியத்தையே கெடுக்கிறது.

மின்சார ரயிலில் கழிவறை இல்லை. இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் நீர் மாத்திரை எழுதித் தருகிறார்கள். ஃபுரோசமைட் என்ற நீர் மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கும். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து ரயில், நடுவழியில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்கும் நேரம், அதற்கு மேல் ஓ.பி. வரிசை. இதில் நீர் மாத்திரை போட்டுக்கொண்டு எந்தக் கிழவர் கிளம்புவார்? எந்தக் கிழவி கிளம்புவாள்? போட மாட்டார்கள். முதல் நாளே நிறுத்துகிறவர்களும் உண்டு. தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். கால் வீங்கி, மூச்சு இரைத்து டாக்டர் முன் வந்து உட்காருவார்கள். அவர் காலை அழுத்திப் பார்ப்பார், குழி விழும், டோஸைக் கூட்டி எழுதுவார். அவர் மேல் தப்பில்லை. கண்ணில் பட்டதைத்தான் எழுத முடியும். அந்த மாத்திரை அன்று போடப்படவே இல்லை என்று அவரிடம் சொல்ல இவர்களுக்குப் பயம், கேட்க அவருக்கு நேரம் இல்லை. ஊருக்குத் திரும்பி, கூட்டிய டோஸை ஒழுங்காகப் போட ஆரம்பித்த பிறகுதான் தலை சுற்றலும், ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவதும்.

பி.பி.யும் இதே கதை. விடியற்காலையில் கிளம்பும் அவசரத்தில் மாத்திரை போடாமல் வந்தவருக்கு, அதுவும் படியேறி வந்த மூச்சோடு, பி.பி. பார்த்தால் எகிறத்தானே செய்யும்? சுகர்க்காரர்கள் நிலை இதைவிட ஆபத்து. ‘வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சாப்பிடாமல் வர வேண்டும் என்பது மட்டும் மனதில் நிற்கும். மாத்திரையையும் போடக் கூடாது என்பது நிற்காது, அல்லது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிளைமிபிரைட் என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒரு வாய் டீ கூட இல்லாமல் ரயிலில் வந்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி நிற்பார்கள்; கூட வந்த மருமகள் ‘வெயில் ஒத்துக்கல’ என்று விசிறிக்கொண்டிருப்பாள். என் கடை வாசலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து அனுப்பியவர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்.

இவ்வளவும் பட்டு உள்ளே போனால் என்ன நடக்கிறது? ரிப்போர்ட்டைப் பார்ப்பார்கள், ‘அதே மாத்திரை தொடரட்டும்’ என்று எழுதுவார்கள். பெரும்பாலான ரிவ்யூ இதுதான். பொன்னேரியில் ரத்தம் எடுத்து, பொன்னேரியிலேயே பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம்.

அடுத்தது பை. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு முதியவர் கையிலும் ஒரு மஞ்சப்பை இருக்கும், அதில் இருப்பதையெல்லாம் மேஜையில் கொட்டச் சொல்வது என் வழக்கம். ஒரு பெரியவர், உப்பளத்தில் வேலை பார்த்தவர், ‘பாப்பா, இதுல எது ராத்திரி மாத்திரைன்னு மட்டும் சொல்லு’ என்று கொட்டினார். ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த அரசு அட்டையில் அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை. தனியார் கிளினிக்கில் எழுதியது என்று வேறு பெயரில் பளபளப்பான அட்டை. திருப்பிப் பார்த்தால் அதுவும் அம்லோடிபின். இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார், ஒன்று காலைக்கு, ஒன்று ராத்திரிக்கு. அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு இன்னோர் இடத்தில் நீர் மாத்திரை எழுதியிருந்தார்கள். நீர் மாத்திரையால் ராத்திரியில் எழுந்து எழுந்து வெளியே போகிறார், வீட்டில் கழிவறை கொல்லையில். எழுந்திருக்கும்போது கிறுகிறுக்கிறது. அதற்குத் தலைசுற்றல் மாத்திரை ஒன்று. ஒரு நாள் விழுந்திருக்கிறார். விழுந்த வலிக்கு ஊரில் டைக்ளோபினாக், அது பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தை வாட்டும். ஆக, ஒரு மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டதில் ஆரம்பித்து மூன்று புது வியாதி. அவரைப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் அவரவர் உறுப்பைச் சரியாகத்தான் பார்த்தார்கள். ஆளைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள்தான் முதியோர் நல மருத்துவர். இந்தப் படிப்பு நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியது 1978இல். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பை இந்தியாவில் முதலில் கொண்டு வந்ததும் சென்னை மருத்துவக் கல்லூரிதான், 1996இல். நாட்டுக்கே வழிகாட்டிய ஊர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு ரயில் தூரத்தில் இருக்கும் முதியவருக்கு அப்படி ஒரு டாக்டர் இருப்பதே தெரியாது.

கிண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 ஜூனில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 1000 படுக்கையோடு கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை வந்தது. 2024 பிப்ரவரியில் அதே கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்தது. நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இரண்டும் நகரத்தின் அந்தக் கோடியில். மெட்ரோவின் வடகோடியான விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு மாறாமல் போகலாமே என்பீர்கள். போகலாம், விம்கோ நகர் வரை வந்து சேர்ந்தவர்கள் போகலாம். வடக்கே இருந்து வருகிறவர்களுக்கு அது மூன்றாவது வண்டி.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பிரிவு 20: அரசு மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை, இயன்றவரை படுக்கை, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் சிகிச்சையில் அனுபவம் உள்ள மருத்துவ அலுவலர் தலைமையில் தனி வசதி. 2010-11இல் தொடங்கிய தேசிய முதியோர் நலத் திட்டத்தில் இதைவிடத் தெளிவாக இருக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் கிளினிக், சமுதாய சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள், மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கை வார்டு. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எழுதி வைத்ததை ரயில் பாதைக்கு ஏற்றபடி நடத்துங்கள் என்கிறேன்.

பொன்னேரியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ரயில் இருக்கிறது, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பஸ் அங்கேதான் வந்து திரும்புகிறது. சந்தைக்கும் தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் வழக்கமாக வரும் ஊர். அங்கே வாரத்தில் குறிப்பிட்ட கிழமைகளில், அந்தந்தத் துறைக்கு இன்ன கிழமை என்று மாறாமல், வடசென்னையின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து முறை வைத்து டாக்டர்கள் போக வேண்டும். இதயம், சிறுநீரகம், நரம்பு, எலும்பு, கண், பிராஸ்டேட் தொல்லைக்கு யூராலஜி. எல்லாவற்றுக்கும் மேலே, இவர்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு முதியோர் நல மருத்துவர். கிழமை மாறக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘இந்த வாரம் டாக்டர் மீட்டிங் போய்ட்டார்’ என்று ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பினால் போதும், அடுத்த தடவை பழையபடி ரயிலேறிவிடுவார்கள்.

முகாம்கள் நடத்துகிறோமே என்று துறை சொல்லும். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாக நோயைக் கண்டுபிடிக்க முகாம் நல்லது. ஆனால் முகாம் முடிந்த ஊர் தேர் வந்து போன தெருவைப் போல; எழுதிக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டதா என்று கேட்க அடுத்த மாதம் அந்த டாக்டர் இல்லை. முதுமையில் வரும் நோய்கள் முடிகிற நோய்கள் இல்லை. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவை.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கியபோது நான் அவ்வளவாக நம்பவில்லை. இன்று எங்கள் மாமியார் ஊரில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோ வருகிறது. மாத்திரையைத் தேடிக் கொண்டு வந்து தர முடிந்த அரசுக்கு, அந்த மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ தெரிந்த ஆளைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவது அடுத்த படிதானே. அந்தத் தன்னார்வலரிடமே இன்னொரு வேலையையும் கொடுக்கலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், அரசு கொடுத்தது, தனியார் எழுதியது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற மருந்தாளுநர்களும் அந்தத் தாளில் எழுதக் கடமைப்பட்டவர்கள் என்று ஆணை போடுங்கள். முதலில் எழுதுவது நானாக இருப்பேன்.

வீடியோ வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. அரசின் வீடியோ வைத்தியச் சேவையான இ-சஞ்சீவனி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதை முதியவர் கையில் கொடுத்து ‘பேசுங்க’ என்றால் நடக்காது. போன் பிள்ளையுடையது, பிள்ளை கம்பெனியில் ஷிப்டில். காது கேட்காது. டாக்டர் பேசுவது புரிந்தாலும் தலையை ஆட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். ஆனால் பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று, காலை அழுத்திப் பார்த்து, உட்கார்ந்தும் நின்றும் பி.பி. எடுத்து, பையைக் கொட்டி அட்டைகளைக் கேமராவுக்குக் காட்டினால், அந்தப் பக்கம் கிண்டியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். முதியோர் நல மருத்துவர்கள் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு தாலுகாவுக்கும் கொடுக்க முடியாது என்பது தெரியும். அவர்கள் நேரில் வர முடியாத இடங்களுக்குத்தான் இந்த வழி. மற்ற துறைகளில் டாக்டர்கள் இருக்கிறார்கள், அனுப்பத்தான் வேண்டும்.

டாக்டர்களுக்கு இங்கேயே நேரம் போதவில்லை, இதில் வெளியூருமா என்பார்கள். ரிவ்யூவுக்கு வரும் கூட்டம் குறைந்தால் இங்கே ஓ.பி.யில் முதல் தடவை வருகிறவரிடம் பேச நேரம் கிடைக்கும். அதோடு, போகிற டாக்டருக்குப் பயணப்படி, வண்டி, பொன்னேரியில் ஒழுங்கான அறை, ஈ.சி.ஜி., எக்கோ மெஷின் கொடுங்கள். சம்பளத்துக்கு மேல் தண்டனை மாதிரி அனுப்பினால் அந்தத் திட்டம் ஆறு மாதம் தாங்காது.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 70 வயதைத் தாண்டிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. அது படுக்கையில் சேர்ந்தால்தான். ஓ.பி.க்கு வந்து போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு ஆகும் செலவு டாக்டர் செலவே இல்லை, அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஆட்டோ, பஸ், டிபன், கூட வரும் மகனோ மகளோ இழக்கும் ஒரு நாள் கூலி. ‘கூட யாரு வந்திருக்கீங்க?’ என்று கேட்காத கவுன்ட்டர் எங்கே இருக்கிறது? கூட வர ஆள் இல்லாதவர்கள் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் உங்கள் பதிவேட்டில் ‘மறு வருகை இல்லை’ என்று ஒரு வரியாகத்தான் இருப்பார்கள்.

முதல் தடவை வருகைக்கும், ஆபரேஷனுக்கும் அவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். அந்த நாளையாவது கொஞ்சம் இளக்குங்கள். வெளியூர் முதியவருக்கு டோக்கன் நேரம் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், ஓ.பி. நேரத்துக்கு வந்து சேர முந்தின ராத்திரியே கிளம்பி வருகிறார்கள். இரண்டு மூன்று துறை பார்க்க வேண்டியவருக்கு ஒரே நாளில் முடித்துக் கொடுங்கள். ராத்திரி தங்க இடம் கொடுங்கள். தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் பொன்னேரிப் பக்கம் சொந்தம் உள்ள வீடுகள் எல்லாம் ஓ.பி.க்கு முந்தின ராத்திரி சத்திரம்தான். எங்கள் வீட்டு ஹாலில் பாய் சுருட்டப்படாமலே கிடக்கும் வாரங்கள் உண்டு. எங்களுக்கு அது பாரமில்லை, பெரியம்மா, சித்தப்பா, ஊர்க்காரர் என்று வருகிறவர்கள். சொந்தம் இல்லாதவர்கள் மருத்துவமனை நடைபாதையில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள், கொசுவோடு. சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை உள்ள பகுதியில் முதியவருக்கும் கூட வருபவருக்கும் ஒரு தங்கும் கூடம் கேட்பது அதிகப்படி ஆசை இல்லை என்று நினைக்கிறேன். பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டு போய் விட 102 வண்டி வைத்திருக்கிறீர்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஆயாவுக்கும் அதே மாதிரி ஒரு வண்டி இருந்தால், ஷேர் ஆட்டோவில் காலை நீட்ட முடியாமல் அவர் அழுதுகொண்டு போக வேண்டியிருக்காது.

இந்த மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011இல் 10.4 சதவீதம், 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கிராமத்தில் இந்தக் கணக்கு இன்னும் கண்ணில் படும். இளசுகள் எல்லாம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சென்னை என்று போய்விட, மீதம் இருப்பது யார் என்று பழவேற்காட்டுத் தெருவில் பகல் பதினோரு மணிக்கு நடந்து பார்த்தால் தெரியும்.

எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கேட்கவில்லை. பொன்னேரியில் ஆரம்பியுங்கள். இதயத்துக்கு ஒரு கிழமை, முதியோர் நலத்துக்கு ஒரு கிழமை, இந்த இரண்டு மட்டும் முதலில். ஒரு வருடம் நடத்திவிட்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு வடசென்னை மருத்துவமனைகளில் ரிவ்யூ சீட்டு எத்தனை குறைந்தது, கீழே விழுந்து எலும்பு முறிந்து வருகிறவர்கள் எத்தனை குறைந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எந்தக் கிழமை என்று முடிவானதும், பொன்னேரி ரயில் நிலையத்திலும் பழவேற்காடு பஸ் நிற்கும் இடத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். என் கடை வாசலிலும் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை, சென்னை.